அரைச் சம்பளமும் முழு விசாரணையும்

டில்லியிலோ நாகபுரியிலோ சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் ஒருவர்மீது குற்ற வழக்கு எழுந்து, இலாகா அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டால், ஊரிலிருந்து விசாரிப்பவர்களிடம் அவர் "லீவில் இருக்கிறேன்" என்றுதான் சொல்லுவார். வயது முதிர்ந்த பெற்றோரைக் கலங்கச் செய்ய அவருக்கு மனம் வராது. ஆனால் மத்திய சர்க்காரின் அடிப்படை விதிகளில் 55-ஆவது விதி, நிறுத்திவைக்கப்பட்டவருக்கு எந்த லீவும் அளிக்கலாகாது என்று கூறுகிறது. அப்படியானால் அந்த நாட்களில் அவர் கைக்கு வரும் பணம் என்ன? லீவுச் சம்பளமன்று, செய்த வேலைக்குக் கூலியுமன்று. அதற்குப் பிழைப்பூதியம் என்று பெயர்.

உத்தியோகத்தில் சேரும்பொழுது போலீஸார் மூலம் ஒருவருடைய நடத்தையை விசாரிப்பது வேறு. சேர்ந்த பின் குற்றச்சாட்டு எழுந்து விசாரிப்பது வேறு. நான் இங்கே பேசுவது பின்னதைப் பற்றி. 1965-ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் ஊழியர் விதிகளில் 10-ஆவது விதியின்படி, குற்ற வழக்கு ஒன்று புலன்விசாரணையிலோ கோர்ட்டிலோ இருக்கும்பொழுது ஊழியரை நிறுத்திவைக்கலாம். காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கப்பட்டவரோ, காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்தே நிறுத்திவைக்கப்பட்டவராகக் கருதப்படுவார். வழக்கு பெரிதா, அண்டை வீட்டுச் சச்சரவில் வந்ததா என்று அந்த 48 மணி நேரக் கணக்கு பார்ப்பதில்லை. ரயில்வே ஊழியர்களுக்கும் ராஜ்ய சர்க்கார் ஊழியர்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

தொகையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதல் மூன்று மாதங்களுக்கு அரைச் சம்பள லீவில் கிடைக்கக்கூடிய தொகையும், அதற்குரிய பஞ்சப்படியும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 20,000 ரூபாய், அதன்மேல் பஞ்சப்படி. மூன்று மாதம் கடந்த பின், தாமதத்துக்கு ஊழியர் காரணமல்லர் என்றால் அந்த 20,000 ரூபாயை 30,000 வரை உயர்த்தலாம். அவரே காரணம் என்றால் 10,000 வரை குறைக்கலாம். இவ்வுயர்வு தானாக வருவதன்று. அதிகாரி உத்தரவிட வேண்டும். நாள் பார்த்து விண்ணப்பம் எழுதிக் கேட்பது நல்லது. வேறு வேலையோ வியாபாரமோ தொழிலோ செய்யவில்லை என்று சான்று எழுதிக் கொடுத்தாலன்றிப் பணம் வராது. மாலை வேளையில் காசு பெற்றுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதில் அடங்கும் என்று எண்ணுவதே விவேகம். வருமான வரியும், சர்க்கார் குடியிருப்பின் வாடகையும், சர்க்காரிடம் வாங்கிய கடன் தவணையும் இத்தொகையிலிருந்தே பிடிக்கப்படும். ஆயுள் இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் கூட்டுறவுச் சங்கப் பாக்கியையும் ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பிடிக்கக் கூடாது.

லஞ்ச வழக்கில் சிக்கியவருக்கு வரிப்பணத்திலிருந்து படியளப்பது எந்த நியாயம் என்று கேட்பவர் உண்டு. கேள்வி அற்பமானதன்று. ஆனால் சிக்கியவர் என்பதும் குற்றவாளி என்பதும் ஒன்றல்ல. இதைச் சுப்ரீம் கோர்ட்டு பலமுறை சொல்ல நேர்ந்திருக்கிறது. பம்பாய் ராஜ்ய விதி ஒன்று, கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்று அப்பீல் செய்திருக்கும் ஊழியருக்கு மாதம் ஒரே ஒரு ரூபாய் என்று வகுத்திருந்தது. ஒரு ரூபாய்! 1983-ஆம் ஆண்டில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1973-இல், மத்தியப் பிரதேச வன அதிகாரி ஒருவரின் வழக்கு வந்தது. பிழைப்பூதியம் கிட்டாமையால் அவரால் தொலைவில் நடந்த இலாகா விசாரணைக்குப் போக முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலை பறிபோயிற்று. அந்த நீக்கத்தைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது.

தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் கோலார் தங்கவயலிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரிக்கு இதே கதிதான். 1985-இல் அவர் வீட்டில் சோதனை, மறுநாளே நிறுத்திவைப்பு, அடுத்த ஆண்டில் அவர் வராமலே முடிந்த விசாரணையில் நீக்கம், அதற்கடுத்த ஆண்டில் குற்ற வழக்கிலிருந்து விடுதலை. வேலை திரும்பக் கிடைத்ததோ 1999-இல், சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால். இடைப்பட்ட காலம் முழுவதற்கும் சம்பள பாக்கியைக் கொடுக்கவும் அந்த உத்தரவு பணித்தது. பிழைப்பூதியத்தை மறுத்துவிட்டு நடத்தும் விசாரணையை விசாரணை என்று எப்படி அழைப்பது? வக்கீலுக்கும் ரயிலுக்கும் வழியில்லாதவன் தன் கட்சியை எங்கே நின்று பேசுவான்?

வரிப்பணம் வீணாகிறது என்போருடைய ஆத்திரம் திரும்ப வேண்டிய திசை தாமதம்தான். 90 நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்து நீட்டிக்காவிட்டால் நிறுத்திவைப்பு உத்தரவு பொதுவாகக் காலாவதியாகும் என்று இன்றைய விதி சொல்கிறது; ஒவ்வொரு நீட்டிப்பும் 180 நாட்களுக்கு மேற்படலாகாது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பைக் கொடுக்காவிட்டால் நிறுத்திவைப்பு அதற்குமேல் நீடிக்கலாகாது என்று 2015-இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது.

வெளி ராஜ்யங்களில் வாழும் நேயர்களுக்கு இன்னும் ஒன்று. நிறுத்திவைக்கப்பட்டவர் உத்தரவில் குறித்த தலைமையிடத்தை விட்டு அனுமதியின்றி நீங்கக் கூடாது. டில்லி வாடகையை அரைச் சம்பளத்தில் கொடுத்துக்கொண்டு காத்திருப்பது எளிதன்று. சொந்த ஊரையே தலைமையிடமாக மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கலாம். சர்க்காருக்கு அதிகச் செலவோ விசாரணைக்கு இடையூறோ நேராது என்றால் அதிகாரி இசையலாம். அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பின்னரே தமிழ்நாட்டுக்கு ரயில் ஏற வேண்டும்.