மான்செஸ்டரின் புகழ் யாருக்குச் சொந்தம்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கோவையைத் 'தென்னாட்டு மான்செஸ்டர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்திலுள்ள அந்த மான்செஸ்டர் ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் உலகப் புகழ் பெற்றது. ஆலைகள் ஓய்ந்துவிட்டன. இன்று அந்நகரின் பெயரை உலகெங்கும் கொண்டு செல்வது கால்பந்து!

அந்தப் புகழைப் படைத்தவர் யார்? 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் தாங்கள் விளையாட ஒரு குழு அமைத்தனர். அதுவே 1902-ல் 'மான்செஸ்டர் யுனைடெட்' ஆயிற்று. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்து ஆட்டக்காரர் 8 பேர் உள்பட 23 உயிர்களைப் பலிகொண்டது. பத்தே ஆண்டுகளில், 1968-ல், அக்குழு ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மான்செஸ்டரின் பெயர் கடல் கடந்து ஒலித்தது.

பெயர் விலைபோகும் என்றதும் முதலாளி வந்தான். 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் குழுவை வாங்கியது. சொந்தப் பணத்திலா? இல்லை, பெரும்பகுதி கடன்! அந்தக் கடனும் குழுவின் தலையிலேயே ஏறியது. வட்டிக்குப் போனது, டிக்கெட் வாங்கிய ரசிகனின் காசு. உழுதவன் ஒருவன், அள்ளியவன் வேறொருவன்!

ரசிகர்கள் கைகட்டி நிற்கவில்லை. அதே ஆண்டில் ஒரு பகுதியினர் 'எப்.சி. யுனைடெட்' என்ற சொந்தக் குழுவைக் கண்டனர். அங்கே ஆளுக்கு ஒரே வாக்கு. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் குழுக்கள் தங்களுக்கென்று தனிப் போட்டி நடத்தத் திட்டமிட்டன. ரசிகர்கள் வீதிக்கு வந்தனர். மூன்றே நாட்களில் இங்கிலாந்துக் குழுக்கள் ஆறும் பின்வாங்கின.

தோழர்களே! நகரின் புகழ் பங்குச் சந்தைச் சரக்கல்ல. உழைப்பாளி மக்கள் வளர்த்த சொத்து. ஆலையோ, வயலோ, ஆடுகளமோ, ஒன்றுபட்டு நின்றால்தான் நம்முடையது நம்மிடம் இருக்கும்!