படிப்பு ஏறாத பிள்ளை உண்டா?

(யூபிலி ஆண்டையொட்டி நம் பங்கில் நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கூட்டத்தில், ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

காரியாபட்டி வட்டாரத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "இவனுக்குப் படிப்பு ஏறலை, சார்" என்பதே அது. சொல் சிறியதுதான், ஆனால் அது போய் நிற்கும் இடம் பெரியது. நம் மாவட்டத்தில் இந்த ஒரு சொல்லால் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். 18 வயது நிறையாதவர்களை வெடிமருந்துத் தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. சட்டம் ஆலை வாசலில் தடுக்கலாம். வீட்டுக்குள் பிறக்கும் அந்தச் சொல்லை நாம்தான் தடுக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆளுக்கொரு குணம். இதைக் கண்டுதான், நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர் 1992இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். கண்ணால் பார்த்துக் கற்போர், காதால் கேட்டுக் கற்போர், வாசித்து எழுதிக் கற்போர், கையால் செய்து கற்போர் என நான்கு வகை. கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கிறது. உலகெங்கும் பள்ளிகளில் பரவியும் விட்டது.

ஆனால் அமெரிக்க உளவியல் அறிஞர் நால்வர் 2008இல் இதைப் பற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். வகைக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். ஆகவே, "என் மகள் கேட்டுப் படிக்கும் வகை, புத்தகம் ஒத்துவராது" என்று முத்திரை குத்திவிட வேண்டாம். பாட்டைக் காதால்தான் கேட்க வேண்டும். வரைபடத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கணக்கைக் கையால் போட்டுத்தான் பழக வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடமே.

அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான வழி உண்டா? உண்டு. நம் முன்னோர் அதற்கு வைத்த பெயர் ஒப்புவித்தல். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, ஏட்டை மூடி, நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 42 பங்கு. மூடி வைத்து எழுதியவர்களுக்கு 56 பங்கு!

நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்புவித்தார்கள். கண், காது, வாய், கை நான்கும் ஒரே வேலையில் சேர்ந்தன. பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்தியபோது அம்முறையைக் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதோடு சேர்த்து வளர்த்தார். 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போயிற்று.

ஒப்புவித்தல் என்றால் கிளிப்பிள்ளை பேச்சு அல்ல. பொருள் புரிந்து, சொந்தச் சொல்லில் சொல்வதே உண்மையான ஒப்புவித்தல்.

வழி பொதுவானது, அதை எப்படி நடப்பது என்பதில்தான் குணம் குறுக்கிடுகிறது. கலகலப்பான பிள்ளை தனியே உட்கார்ந்தால் தூங்கிவிடும். அதற்கு ஒரு தோழனைச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் கேட்க மற்றவர் சொல்லட்டும். கூச்சமுள்ள பிள்ளை நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. அதைத் தாளில் ஒப்புவிக்கச் சொல்லுங்கள். புனித தோமா அக்குவினாசை உடன் பயின்றோர் 'ஊமை எருது' என்று கேலி செய்தார்கள் என்பர். அவரே பின்னர் திருச்சபையின் மறைவல்லுநர் ஆனார்! மௌனம் மந்தமல்ல.

அவசரக்காரப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஆகாது. அரை மணி படிப்பு, சிறிது ஓய்வு, மறுபடி அரை மணி என்று பிரித்துக் கொடுங்கள். பயந்த பிள்ளைக்குத் தேர்வு என்றாலே வயிறு கலங்கும். வீட்டிலேயே மதிப்பெண் இல்லாத சிறு தேர்வுகள் பலமுறை வைத்தால், பொதுத்தேர்வும் பழகிய முகமாகிவிடும். சோம்பலுள்ள பிள்ளைக்கோ நேரமும் இடமும் தவறாத ஒழுங்கு வேண்டும். ஒழுங்கும் பொறுப்பும் உள்ள பிள்ளைகள் தேர்விலும் முன்னிற்கிறார்கள் என்பது ஆய்வுகள் பலவற்றில் கண்ட உண்மை. அந்த ஒழுங்கு பழகினால் வரக்கூடியதே.

"எங்களுக்கு எழுத்தே தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மார்களே, நீங்கள் கற்பிக்க வேண்டாம். அடுப்பு வேலை பார்த்தபடியே, "இன்னிக்கு என்ன பாடம், சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை நிறுத்தும்போது, "அப்புறம்?" என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்த "அப்புறம்" ஒரு ஆசிரியருக்குச் சமம்.

நம் மாவட்டம் ஈன்ற பெருந்தலைவர் காமராசர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். நாளேடு வாசித்தும், பொதுக்கூட்டங்களில் கேட்டும், மக்களோடு பழகியும் கற்றார். அதனால் பள்ளி வேண்டாம் என்று அவர் எண்ணினாரா? இல்லை. 1954இல் முதலமைச்சரான அவர், ஊர்தோறும் பள்ளி திறந்தார். பசித்த பிள்ளை படிக்க மதிய உணவும் தந்தார். தமக்குக் கிட்டாதது எந்தப் பிள்ளைக்கும் கிட்டாமல் போகக் கூடாது என்று உழைத்தார்.

அன்பர்களே, இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தீர்மானம் எடுப்போம். "படிப்பு ஏறலை" என்ற சொல்லை நம் வீட்டிலிருந்து விலக்குவோம். அது நாவில் வரும்போதெல்லாம், "இந்தப் பிள்ளைக்கு எந்த வழி?" என்று கேட்போம். வழி தேடுவது பெற்றோர், ஆசிரியர் இருவர் பொறுப்பு. நடப்பது மட்டுமே பிள்ளையின் பொறுப்பு.