வண்டியின் மேனியும் எலும்பும்



மோட்டார் காரின் மேற்கூட்டை வீட்டு முற்றத்திலேயே நாமாக மாற்றியமைக்க முடியுமா என்று இளைஞர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. முடியும் என்றும், முடியாது என்றும் விடை கூறலாம். எது எங்கே பொருந்தும் என்பதை நான் நூல்களைப் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒரு தவற்றைச் செய்துதான் அறிந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984ஆம் ஆண்டு. சாந்தோமில், கடலுக்கு அருகே எங்கள் வீடு. தந்தையார் பழைய அம்பாஸிடர் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். உப்புக் காற்று அதன்மீது தன் வேலையைக் காட்டியிருந்தது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, நீண்ட பெட்டிபோல் ஓடும் பகுதியில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கல்லூரி விடுமுறையில் இருந்த நான், வண்டியை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று முனைந்தேன். கொப்புளங்களைச் சுரண்டினேன், தகரம் சல்லடையாக இருந்தது. அதன்மீது கம்பி வலையை வைத்துப் பட்டி பூசினேன், உப்புத் தாளால் தேய்த்து மழமழப்பாக்கினேன், வர்ணம் அடித்தேன். பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்காகவே நான் அவ்வளவும் செய்தேன் என்று இன்று தோன்றுகிறது.

மூன்று மாதம் கழித்துச் செங்கற்பட்டுச் சாலையில் டயர் பஞ்சரானது. என் இளைய சகோதரன் சக்கரத்தைக் கழற்றினான். மாற்றுச் சக்கரத்தை எடுக்க அவன் எழுந்து நகர்ந்தான். அந்தக் கணத்தில் ஜாக்கி, நான் பூசிய பட்டியைப் பிளந்துகொண்டு உள்ளே சென்றது. வண்டி சடாரென்று தரையில் இறங்கியது. சற்று முன்புவரை அவன் கை இருந்த இடம் அது. அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

புதுப்பேட்டையில் தகர வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் நான் செய்ததை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, பட்டி பள்ளத்தை நிரப்பும், ஓட்டையை அடைக்காது" என்றார். அந்த விடுமுறை முழுவதும் நான் அவர் பட்டறையில் மாணாக்கனாக அமர்ந்தேன்.

அவர் கற்பித்த முதற்பாடம், எது மேனி, எது எலும்பு என்று பிரித்தறிதல். பழங்காலத்து வண்டிகளிலும் இன்றைய லாரிகளிலும் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. பாரத்தைச் சட்டமே தாங்கும். அம்பாஸிடர் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியில், கூடும் சட்டமும் ஒன்றே. தரை, கூரை, தூண்கள், நான் பட்டி பூசிய அந்தப் பக்கப்பெட்டி ஆகிய எல்லாம் சேர்ந்தே பாரம் தாங்குகின்றன. அங்கே மேனி என்று நான் எண்ணியது எலும்பாக இருந்தது.

இதற்கு மாறாக, சென்னைக்கருகே வண்டலூரில் 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மேற்கூட்டின் பகுதிகள் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. முன்புற மூடியும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். கூரையைக்கூடத் தனியே கழற்றலாம். இத்தகைய வண்டியில் ஒருவன் வீட்டிலேயே பல மாறுதல்கள் செய்ய இயலும். அதையே அம்பாஸிடரில் செய்யத் துணிந்து கூரையை அறுத்தால், வண்டி நடுவில் தொய்ந்து, கதவுகள் மூடாமல் போகும்.

இரண்டாம் பாடம் தகரத்தின் குணம். வண்டியின் வெளித்தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ளது. நசுங்கிய இடத்தில் உட்புறம் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறம் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு விரலால் அழுத்தும்போதெல்லாம் டப் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. நீண்ட இடத்தில் ஒரு புள்ளியை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சுவார். சுற்றிலும் உள்ள குளிர்ந்த தகடு அதை விரியவிடாது. ஆகவே அந்தப் புள்ளி தடித்து நிற்கும். பின்னர் ஈரத்துணியால் ஒற்ற, அது சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுத்துக்கொள்ளும். வெப்பத்தால் விரிதல், குளிரால் சுருங்குதல் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதுவே.

மூன்றாவது, துருவின் இயல்பு. இரும்பும் பிராணவாயுவும் ஈரமும் கூடினால் துரு பிறக்கும். உப்பு அதை விரைவுபடுத்தும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். எனவேதான் அது வர்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. கொப்புளம் தெரியும்போது நோய் உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். கெட்ட தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை அறுத்தெடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பதே வைத்தியம். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. அழகுக்காக அவற்றை அடைப்பவன் துருவுக்குத் தொட்டில் கட்டுகிறான்.

வீட்டில் செய்த வேலை வீணே என்று எண்ணிவிடாதீர்கள். லண்டனில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்ற இளைஞர், 1948ஆம் ஆண்டில் பழைய ஆஸ்டின் செவன் வண்டி ஒன்றின் மேற்கூட்டை நீக்கிவிட்டு, ஒட்டுப்பலகையால் புதுக்கூடு அமைத்தார். அவருடைய பட்டறை, பின்னாளில் தம் மனைவியான பெண்மணியின் பெற்றோர் வீட்டுக் கொட்டகை. லோட்டஸ் என்ற புகழ்பெற்ற வண்டிகளின் வரிசை அங்கே தொடங்கியது. அந்த ஆஸ்டினுக்குத் தனி அடிச்சட்டம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். தொடத்தக்கதைத் தொட்டார், வெற்றி பெற்றார்.

இன்று நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. சாலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இக்கட்டுப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் நசுங்கியதை நிமிர்த்துவதையும், துருப்பிடித்ததைப் பழைய வடிவுக்கே மீட்பதையும் அது தடுக்கவில்லை. கற்றுக்கொள்ள அதுவே போதும்.

செய்ய விரும்புவோர்க்கு இரண்டொரு எச்சரிக்கை. பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பை நீக்குங்கள். பெட்ரோல் தொட்டியின் அருகே நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் தக்க முகமூடியும் அணியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே நுழையவே கூடாது. உறுதியான தாங்கிகளை வையுங்கள்.

அம்பாஸிடரின் பக்கப்பெட்டியை நானே புதுத்தகடு வைத்து முடித்த அன்று, வர்ணத்தின் நிறம் சரியாகப் பொருந்தவில்லை. ஒட்டு வெளியே தெரிந்தது. யாரும் புகழவில்லை. தந்தையார் ஜாக்கியை எடுத்துவந்து, அதே இடத்தில் வைத்து, வண்டியைத் தூக்கிப் பார்த்தார். அது நின்றது. முன்பு கண்ட புன்னகையைவிட அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.