ஆம்புலன்ஸ் வேலை: சம்பளம் எவ்வளவு, வழி எது?

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், இரண்டாம் தெருவில் வசிக்கும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் பேசியது)



போன கூட்டத்தில் முதலுதவி பற்றிப் பேசினேன். முடிந்ததும் மூன்று பேர் தனியாக வந்து, "தம்பி, சம்பளம் எவ்வளவு வரும்? பையனைச் சேர்க்கலாமா?" என்று கேட்டார்கள். இன்று அதையே சொல்லிவிடுகிறேன்.

108 வண்டியில் இருப்பவர்களை அரசு ஊழியர்கள் என்று நினைக்கிறோம். இல்லை. தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கியதிலிருந்தே பணம் அரசுடையது, நடத்துவது ஒப்பந்த நிறுவனம். வண்டியில் ஏறுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள். "அரசு வேலை உறுதி" என்று நோட்டீஸ் அடிக்கும் பயிற்சி மையத்தில் பணம் கட்டாதீர்கள்.

நான் இருப்பது தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸில். ஒன்பது வருடம் ஆகிறது. கைக்கு வருவது இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போன வருடம் சேர்ந்த பையனுக்கும் எனக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். தொடக்கச் சம்பளம் குறைவு என்பதைவிட இதுதான் பெரிய கஷ்டம். மேலே ஏறப் படியே இல்லை. 12 மணி நேர ஷிப்ட். முடிகிற நேரத்தில் அழைப்பு வந்தால் நோயாளியைச் சேர்த்துவிட்டுத்தான் வீடு. அதற்குத் தனிக் காசு கேட்டால், "இது சேவை தம்பி" என்பார்கள். வீட்டு ஓனரிடம் அதைச் சொல்ல முடியுமா?

முன்பு இருந்த இடத்தில் மூன்று வருடம் பி.எஃப். பிடித்தார்கள். வேலை மாறும்போது பாஸ்புக்கைப் பார்த்தால், கட்டவே இல்லை. சேர்கிற பிள்ளைகள் முதல் மாதமே ஆன்லைனில் பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.யும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளைகள் ஆறு மாதச் சான்றிதழோடு நிற்க வேண்டாம். பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம்; மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. அரசுக் கல்லூரிகளிலும் உண்டு. அந்தப் பட்டம் இருந்தால் அவசரப் பிரிவுக்குள் வேலை கேட்கலாம். வளைகுடா போக அந்த நாட்டு உரிமத் தேர்வு தனி. நர்சிங் கிடைத்தால் இன்னும் நல்லது. அரசு மருத்துவமனைக்குத் தேர்வு வாரியம் வழியாகப் போகலாம், ஆனால் தொகுப்பூதியத்தில்தான் தொடங்குவார்கள்.

மதிப்பெண் பட்டியலோடு ஞாயிறு மாலை வீட்டுக்கு வாருங்கள், விண்ணப்பம் போடுவதைச் சேர்ந்து பார்ப்போம். ஷிப்ட் மாறினால் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறேன்.