கீழ்வாலைச் செங்காவியும் ஒளிப்படச் சுருக்கமும்



விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் கீழ்வாலை. அங்குள்ள பாறைகளில் செங்காவி நிறத்தில் தீட்டப்பெற்ற தொல்பழங்கால ஓவியங்கள் காணப்படுகின்றன. விலங்கின் மீது அமர்ந்த மனிதன், பறவை முகம் கொண்ட உருவம், இவற்றோடு சில குறியீடுகள். அக்குறியீடுகளைச் சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிட்டவர் உண்டு. அவ்வொப்பீட்டை ஏற்காதவரும் உண்டு. வழக்கு எவ்வாறு முடியினும், ஒரு கோடு அங்கே இருக்கிறதா இல்லையா என்பதே சான்று. வெயிலும் மழையும் வந்துபோவோர் கிறுக்கலும் பாறை ஓவியங்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆதலின் அவற்றை எடுத்த ஒளிப்படத்தை இரண்டாம் பாறை எனலாம். அந்த இரண்டாம் பாறையும் தேய்கிறது. தேய்ப்பது படச் சுருக்கம்.

சுருக்கம் இருவகைப்படும். படத்தின் அளவைக் குறைப்பது ஒன்று. அளவை மாற்றாமல் கோப்பை மட்டும் இறுக்குவது மற்றொன்று. 4000-க்கு 3000 என்னும் அளவுடைய படத்தில் 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. நீளப்பக்கத்தை 1600 ஆக்கினால் எஞ்சுவன 19 இலட்சத்து 20 ஆயிரம். ஏறத்தாழ ஆறு புள்ளிகள் கலந்து ஒன்றாகிவிட்டன. மெல்லிய கோடு பக்கத்துப் பாறை நிறத்தோடு கலந்து வெளிறும்.

இறுக்கம் இதைவிட நுட்பமானது. 1992-இல் ஏற்கப்பெற்ற ஜேபெக் என்னும் தரம், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறுவதைத் தனியே, விரைந்து மாறுவதைத் தனியே கணக்கிட்டு, விரைந்து மாறுவனவற்றில் சிறியவற்றைச் சுழியாக்கிவிடுகிறது. இக்கணக்கின் அடிப்படையை 1974-இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. மனிதக் கண் ஒளி வேறுபாட்டைக் கூர்ந்து காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்ந்து காணாது. எனவே நிறத்தைப் பொறுத்தமட்டில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு மதிப்பே போதும் என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திருமணப் படத்துக்கு இதனால் யாதொரு குறையும் இல்லை. வெளிறிய செங்காவிக்கோ, பாறையினின்று அதனைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சிறு நிற வேறுபாடுதான்.

ஜான் ஹார்மன் என்னும் அமெரிக்கர் 2005-இல் டீ-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளை வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகாத நிற வேறுபாட்டை இழுத்து விரித்துக் காட்டும் கருவி அது. உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர் கையில் இன்று அது உள்ளது. வெற்றுப் பாறை எனக் கருதிய இடத்திலும் அதன் வழியே உருவங்கள் எழுந்ததுண்டு. மிகுதியாக இறுக்கிய படத்தை அதில் இட்டாலோ, ஓவியம் எழுவதற்கு மாறாக எட்டுக்கு எட்டுக் கட்டங்களே எழுகின்றன. இறுக்கும்போது கண் காணாத இழப்பு, ஆய்வாளர் மேசையில்தான் வெளிப்படுகிறது.

கவிஞர்க்கு நெருக்கமான இழப்பு ஒன்றும் உண்டு. மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளியே அது. ஓலையில் எழுத்தாணி துளைத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர் முன்னோர். 'பல்' என்பதா 'பல' என்பதா என்று இடம் நோக்கித் தெளிய வேண்டியிருந்தது. அச்சு வந்து புள்ளியை மீட்டுத் தந்தது. பழைய அச்சு நூலைப் படமாக்கிச் சிறிதாக்கும்போது அப்புள்ளி தாளின் கறையோடு கலந்து மறுபடியும் போய்விடுகிறது. மங்கலாவது ஒருவகையில் நன்று, ஐயமாவது எழும். 2013-இல் ஜெர்மானிய அறிஞர் டேவிட் கிரீசல் கண்டறிந்தது அதனினும் கொடியது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகல் பொறிகள் ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி இறுக்கியதால், 6 என்னும் எண் தெளிவான 8 ஆக மாறி வந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையைப் பொறியும் செய்யக் கற்றுக்கொண்டது போலும்!

இழந்ததைப் பின்னர்ப் பெரிதாக்கி மீட்கலாம் என்பார் உளர். பெரிதாக்கும் மென்பொருள் இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதனை மிக அழகாகவே நிரப்புகின்றன. ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு வெற்றிடம் காட்டிய பதிப்பாசிரியரின் நேர்மை அவற்றுக்கு இல்லை.

மலர் அச்சிடுவோர் கருத்துக்கு ஒன்று. அங்குலத்துக்கு 300 புள்ளி எனக் கொண்டால், 1600 புள்ளிப் படம் ஐந்தேகால் அங்குல அகலத்துக்கே செல்லும். மறைந்த கவிஞரின் படமோ கையெழுத்துப் படியோ வாட்ஸ்அப்பில் வருமாயின், படமாக அன்றி ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுதல் வேண்டும். அவ்வழியே கோப்பு மாறாமல் வரும். கீழ்வாலைக்குக் கேமராவோடு செல்வோர் மூலக்கோப்பை இறுக்காத வடிவில் ஒரு படியும், பிறர்க்கு அனுப்பச் சிறிய படி ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்வாராக. திருத்தித் திருத்திச் சேமிப்பதெல்லாம் அந்தச் சிறிய படியோடு நிற்கட்டும்.