வாயில்லாப் புழுவின் வம்சம்

சூரிய கிரணம் எட்டாத ஆழ்கடலில் வாழும் ஒருவகைப் புழுக்களுக்கு, ஜீவராசிகளின் வம்சாவளியில் உரிய இடத்தைக் கண்டறிய அறிஞர்களுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 'சிபோகா' என்னும் டச்சுக் கப்பல் 1899, 1900 ஆம் ஆண்டுகளில் கிழக்கிந்தியத் தீவுக் கடல்களில் வாரியெடுத்த பொருள்களிடையே, வாயும் குடலும் இல்லாத நூல்போன்ற புழுக்கள் கிடந்தன. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கோல்ரி 1914 இல் சிபோக்ளினம் என்று பேரினப் பெயரும், சிபோக்ளினிடே என்று குடும்பப் பெயரும் இட்டாரேயன்றி, அக்குடும்பம் எந்தப் பெருந்தொகுதியைச் சார்ந்தது என்று நிச்சயித்துக் கூறவில்லை.

பின்வந்தவர்கள் இவற்றுக்குத் தனித்தொகுதியே வகுத்து, முதுகெலும்புடைய பிராணிகளின் தூரத்து உறவினரோடு சேர்த்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நீண்ட குழாயினுள் வாழும் இப்புழுவை மேலே இழுக்கும்போது வால்நுனி அறுந்து கடலடியிலேயே தங்கிவிடும். நூலாசிரியன் பெயர் தாங்கிய கடைசி ஏட்டை இழந்த சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு, இஃது இன்னார் இயற்றியது என்று தீர்மானிக்கும் சங்கடமே அவர்களுக்கும் நேர்ந்தது. நார்வே நாட்டுக் கடற்கழியில் முழு உடல் கிடைத்து, வெப் என்பவர் 1964 இல் அந்த வால்நுனியை விவரித்தபோது, அதில் மண்புழுவுக்கு இருப்பனபோன்ற வளையங்களும் முள்மயிர்களும் வரிசையாக அமைந்திருக்கக் கண்டார்கள்.

விவகாரம் அத்துடன் தீரவில்லை. 1977 இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீரூற்றுகளைத் தேடி 'ஆல்வின்' நீர்மூழ்கியில் இறங்கிய பூகர்ப்ப சாஸ்திரிகள், ஆளுயர வெண்குழாய்களினின்று செந்நிறக் கொத்துகளை நீட்டிக்கொண்டு கூட்டமாக நின்ற புழுக்களைக் கண்டு வியந்தார்கள். ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலையைச் சார்ந்த மெரிடித் ஜோன்ஸ் 1981 இல் அவற்றுக்கு ரிஃப்டியா பாக்கிப்டைலா என்று பெயரிட்டார். புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் அங்கங்களை அளந்து விவரித்து, ஓர் உடலை மூலமாதிரியாகப் பொருட்காட்சிச் சாலையில் ஒப்படைப்பது வழக்கம். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அவ்வுடலே சாட்சி. வாயற்ற இப்பெரிய ஜந்து எதை உண்டு வாழ்கிறது என்னும் கேள்விக்கும் அதே ஆண்டில் விடை கிடைத்தது: உடலினுள் குடியிருக்கும் எண்ணிறந்த பாக்டீரியாக்கள், ஊற்றுநீரில் கலந்துள்ள கந்தகச் சேர்மத்தின் சக்தியைக்கொண்டு ஆகாரம் சமைத்துத் தருகின்றன.

1985 இல் ஜோன்ஸ் இந்த வெந்நீரூற்றுப் புழுக்களுக்கும் தனித்தொகுதி வகுத்தார். ஆயினும் 1997 இல் உடலமைப்பை ஒப்பிட்ட ஆராய்ச்சியும் மரபணு ஆராய்ச்சியும் தனித்தனியே நடந்து, இவ்விருவகைப் புழுக்களும் மண்புழுவும் அட்டையும் அடங்கிய வளையப்புழுத் தொகுதியினவே என்று ஒருமுகமாகக் காட்டின. தனித்தொகுதிகள் கலைந்தன, ஜோன்ஸ் இட்ட பெயர் நிலைத்தது, ரிஃப்டியா, கோல்ரி வகுத்த குடும்பத்தில் சேர்ந்தது. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், இறந்து அமிழ்ந்த திமிங்கிலத்தின் எலும்பைத் துளைத்து வாழும் ஓசெடாக்ஸ் என்னும் வாயில்லாப் புழுவை 2004 இல் விவரித்த அறிஞர்கள், அதனை முதற்கட்டுரையிலேயே தயக்கமின்றி அக்குடும்பத்தில் வைத்தார்கள்.