நாடற்றவரா, ஆவணமற்றவரா?

(சிலிம் ரிவரில் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று ஸ்டேட்லெஸ். இன்னொன்று அன்டாக்குமெண்டட். "பால்மரம் வெட்டிய எங்களுக்கு எதற்கு ஐயா ஆங்கிலப் பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நியாயம்தான். ஆனால் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, தப்பான ஃபாரத்தை நிரப்பிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதனால் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஸ்டேட்லெஸ் என்றால் நாடற்றவர். உலகத்தில் எந்த நாட்டின் சட்டமும் தன் குடிமகன் என்று ஏற்காத மனிதர். 1954-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் சொல்லும் விளக்கம் இது. மலேசியா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை.

அன்டாக்குமெண்டட் என்றால் ஆவணமற்றவர். இவருக்குச் சட்டப்படி குடியுரிமை இருக்கலாம். அதைக் காட்டும் தாள்தான் கையில் இல்லை. வீட்டுக் கிராண்டைத் தொலைத்தவரும், வீடே இல்லாதவரும் ஒருவரா? கிராண்ட் தொலைந்தால் நகல் கேட்போம். வீடே இல்லை என்றால் வீடு கேட்போம். கேட்கும் இடமும் வேறு, கேட்கும் விதமும் வேறு.

நாடற்றவர் என்ற சொல் தமிழனுக்குப் புதியதல்ல. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் பட்ட பாடு அது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரே அடியில் லட்சக் கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். மீதியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003-இல்தான் சட்டம் வந்தது. அங்கே சட்டமே நம்மவர்களை வெளியே தள்ளியது.

இங்கே கதை வேறு. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 14-ஆவது விதியும் இரண்டாம் அட்டவணையும் என்ன சொல்கின்றன? மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். அதற்குப் பிறகு இங்கே பிறந்தவருக்கு, பிறக்கும்போது தாயோ தகப்பனோ குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், அவரும் குடிமகன். தூதரகக்காரர் பிள்ளை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு அந்த விதிவிலக்கு எங்கே வரப்போகிறது?

பிறகு ஏன் நம்மவர்களிடம் அடையாள அட்டை இல்லை? பிரசவம் லயத்திலேயே நடந்தது. மருத்துவச்சி பார்த்தாள். கிராணியிடம் சொன்னால் போதும் என்று நினைத்தோம். தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனை வந்தது, ஆபீஸ் மூடியது, பழைய பேரேடு போன இடம் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆவணமற்றவர்கள். "நான் நாடற்றவன்" என்று இவர்கள் தங்கள் வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் இருக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

இரண்டு பிள்ளைகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் பிள்ளை. தாய் தகப்பன் இருவருக்கும் நீல அட்டை. பிறப்பைப் பதியவில்லை. இவன் ஆவணமற்றவன். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு என்ற வழி இருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும். குடியுரிமை கொடுங்கள் என்று புதிதாக மனுப் போடத் தேவையில்லை.

இரண்டாவது பிள்ளை. தகப்பனுக்கு நீல அட்டை. தாய் வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டினார்கள், ஆனால் திருமணத்தைப் பதியவில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா' என்று எழுதிவிடுவார்கள். பத்திரம் கையில் இருக்கிறது, குடியுரிமை இல்லை. தாயின் நாடும் ஏற்கவில்லை என்றால் இவன்தான் நாடற்றவன். இவனுக்கு 15ஏ விதியின் கீழ் மனுச் செய்யலாம். இங்கே பிறந்து, வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால் கிடைக்காத பிள்ளைக்கு இரண்டாம் அட்டவணையிலேயே ஒரு கதவு இருக்கிறது. நிரூபிப்பது சுலபமல்ல, நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். அந்தக் கதவையும் மூட அரசாங்கம் நினைத்தது. பொது அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, 2024 மார்ச்சில் அந்த யோசனையைக் கைவிட்டது. ஆனால் அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 15ஏ வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. நிரந்தரவாசிகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையையும் எடுத்துவிடுகிறது. ஆகவே தள்ளிப்போட நேரமில்லை.

சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பு அட்டை என்றால் நிரந்தரவாசி, அவ்வளவுதான். நீங்கள் பிறந்த தேதியையும் இடத்தையும் பாருங்கள். மெர்டேக்காவுக்குப் பிறகு, 1962 அக்டோபருக்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் நீங்கள் ஏற்கெனவே குடிமகன். அதை உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் 16-ஆவது விதியைக் கேளுங்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கான 19-ஆவது விதி ஃபாரத்தை யாராவது நீட்டினால், எந்த விதி என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தச் சொற்குழப்பம் நம் போராட்டத்தையும் பலவீனப்படுத்தியது. 3 லட்சம் இந்தியர்கள் நாடற்றவர்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. அவ்வளவு பேர் இல்லவே இல்லை என்று அரசாங்கம் சொன்னது. சிவப்பு அட்டைக்காரர், பிறப்புப் பத்திரம் இல்லாதவர், நாடே இல்லாதவர் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டினால் எண்ணிக்கைச் சண்டைதான் மிஞ்சும். 2011-இல் மைடஃப்தார் இயக்கம் வந்தது. அதற்குப் பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தாத்தா பாட்டியின் பழைய அட்டை, பள்ளிக்கூட ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை வரியை ஒருமுறை படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். கோயிலில் மட்டும் கல்யாணம் செய்தவர்கள், அடுத்த குழந்தை பிறப்பதற்கு முன் பதிந்துவிடுங்கள். கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போது, நாம் கேட்பது தாளா, குடியுரிமையா என்று தெரிந்து நில்லுங்கள்.